கிழக்கு பார்த்த ஏழு வீடுகள்

அந்தக் குடும்பம் இன்றைக்கும் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. தலையில் மூட்டையோடு ஒருவன், இடுப்பில் பானையோடு ஒருத்தி, பின்னால் ஒரு நாய். ஸ்வாதி கட்டிக்கொடுத்த வீட்டின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவன் தலையை அசைத்தான். பிறகு வந்த வழியே மலையடிவாரத்துக் கூடாரத்துக்கு இறங்கிப் போய்விட்டார்கள். டிவித் திரையில் அந்தி மங்கி இருட்டியது. ஸ்வாதி கன்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு, ஏன் என்று யோசித்தாள்.

வாளோடு மலை மலையாக அலைந்து அரக்கர்களைக் கொல்லும் விளையாட்டு அது. நடுவில் எரிந்துபோன ஒரு கிராமம் வரும். அதைத் திரும்பக் கட்டி, ஓடிப்போன ஜனங்களைக் குடியேற்றினால்தான் ஆற்றுப் பாலம் திறக்கும், அடுத்த நாட்டுக்குப் போகலாம். ஸ்வாதிக்கு அடுத்த நாட்டின் மேல் ஆசை இல்லை. ஜூலையில், நான்காம் மாதத்தில் கரு கலைந்து, விடுப்பில் படுத்திருந்தபோது அந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது நவம்பர். ஏழு வீடுகள் எழும்பி நின்றன. ஒன்றிலும் ஆள் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவள் டெஸ்டர். பழுதைக் கண்டுபிடிப்பதுதான் சம்பளம் வாங்கும் வேலை. அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி, பழுது போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது; தெரியாத பழுது திரும்பி வரும். அப்படித்தான் இங்கேயும் செய்தாள். கூரையை ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாற்றிப் பார்த்தாள். வரவில்லை. ஓலைக்கே திருப்பிவிட்டுக் கிணற்றைத் தூர் வாரினாள். தெருவில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்தாள். உள்ளே கட்டில் போட்டாள், அடுப்பு மூட்டினாள். அடுப்பு மட்டும் தினமும் அணைந்துபோகும். தரையில் சாம்பல் படிந்திருக்கும். எரிந்த ஊர்தானே, அழகுக்காகப் படம் வரைந்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

கிச்சன் பக்கம் கம்பிக் கதவு கிறீச்சிட்டது. கால்மிதியாகப் போட்டிருந்த கோணியை மிதித்துக்கொண்டு ராணி வேலைக்கு வந்துவிட்டாள். பாரிவாக்கத்துக்காரி, இந்த அடுக்குமாடி எழும்பிய இடத்தில் தன் சித்தப்பா நெல் போட்டதைப் பார்த்தவள்.

"இன்னாக்கா, கோணி தெப்பமா நனைஞ்சிகீது. கால வெச்சா வழுக்கி வுட்ரும்."

"வேற போடுறேன் ராணி."

"வேற போட்டா அதுவும் நனையும். மழ நேரா உள்ள வந்துகினு கீது." புடவை ஓரத்தைப் பிழிந்தபடியே சிரித்தாள். "முன்னல்லாம் எங்களத்தான் பின்வழியா வான்னுவாங்க. இப்போ ஊட்டுக்காரங்களே எங்க வழியில வர்றீங்க. ஒருவிதத்துல நல்லாத்தான் கீது."

"வேலையப் பாரு ராணி," என்றார் சாப்பாட்டு மேசையிலிருந்து சிவராமன்.

"பாக்கறேன் நைனா. வேலய கைதானே செய்து, வாய் சும்மாத்தானே கீது."

சிவராமன் ஸ்வாதியின் மாமனார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்கு வந்தவர். மகன் வீடு என்று அவர்தான் சொல்வார். இந்தத் தரைத்தள ஃப்ளாட்டைத் தேடிப் பிடித்தவள் ஸ்வாதி. தெற்கு வாசல் என்பதாலேயே விலை போகாமல் கிடந்தது. கதவு எந்தப் பக்கம் இருந்தால் என்ன, உள்ளே வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினாள். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை.

ஜூலையில் டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: கரு ஆரம்பத்திலேயே சரியாக உருவாகவில்லை, யாரும் எதுவும் செய்து தடுத்திருக்க முடியாது. காரணம் இல்லை என்பதை ஒரு டெஸ்டரால் ஏற்க முடியவில்லை. அந்த இடைவெளியில் சிவராமன் ஒரு காரணத்தைக் கொண்டு வந்து வைத்தார். கையில் திசைகாட்டியோடு வாஸ்து பார்க்க வந்த ஆள் வாசலில் நின்று, எமன் திசை என்றான். அடுத்த நாளே முன்கதவைத் தாழ்போட்டு, செருப்பு அலமாரியை அதன் மேல் சாய்த்துவிட்டார்கள். வாஷிங் மெஷின் இருக்கும் இடத்துக் கம்பிக் கதவு கிழக்கே பார்த்தது. அன்றிலிருந்து கழிவுநீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்துதான் எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். கணவன் பிரசன்னா, "கொஞ்ச நாளைக்குப் போகட்டும் விடு" என்றான். அவளுக்கு அப்போது நிற்கவே தெம்பில்லை. விட்டுவிட்டாள்.

இப்போது அதுவும் போதவில்லை. வெள்ளானூரில் கிழக்கு பார்த்த ஒரு வீட்டை சிவராமன் பேசி முடித்துவிட்டார். இதை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும். நாளைக் காலை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்கள். தாம்பூலத் தட்டுக்குப் பழம் வாங்க பிரசன்னா பூந்தமல்லிக்குப் போயிருந்தான். "வீடு மாறுறதுல என்ன ஸ்வாதி, அவருக்கும் ஒரு நிம்மதி," என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனான். வீடு மாறுவதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால், கதவுதான் காரணம் என்று அவள் ஒப்புக்கொண்டதாக ஆகும். கதவைத் தேர்ந்தெடுத்தவள் அவள். மிச்சத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ராணி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனதும் சிவராமன் எழுந்து வந்து சோபாவுக்குப் பின்னால் நின்றார். மருமகளோடு நேராகப் பேசுவதை அவர் நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. டிவியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போகணும். பெட்டி கட்டணும். இங்க ஒருத்தங்க இல்லாத ஊருக்கு வீடு கட்டிட்டு இருக்காங்க."

ஸ்வாதி கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

"அதுலயும் ஒருத்தனும் குடி வர மாட்டேங்கறான்."

"குவார்ட்டர்ஸ்ல உங்க வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் மாமா?"

"அது கவர்மெண்ட் வீடு. நல்லது கெட்டது எல்லாம் கவர்மெண்ட்டுக்கு."

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் போனார். மூலையில் சின்னதாக ஒரு திசைகாட்டி முள் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். வீடுகளைப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். திரும்பியபோது அவர் முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு திருப்தி இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்தே பேசினார்.

"ஏழு வீடு. ஏழும் கிழக்கு வாசல்."

ஸ்வாதி நிமிர்ந்தாள்.

"ஃப்ளாட் வாங்கறப்போ கதவு எந்தப் பக்கம் இருந்தா என்னன்னு கேட்ட. பொம்மை வீட்டுக்கு மட்டும் ஒண்ணு தப்பாம கிழக்குல வெச்சிருக்க. அப்போ உனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் இங்க கூட்டிட்டு வந்த."

பதிலுக்கு அவளுக்கு எதையாவது எறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. விளையாட்டு வீட்டைக் கையில் கொடுக்கும்போது வாசல் தெற்காகத்தான் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தித் திருப்பினால்தான் கிழக்கே வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவள் கட்டைவிரல் அதைச் செய்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. அலமாரியைக் கதவில் சாய்த்தவர் சிவராமன். அந்தப் பயம் விரலுக்குள் வந்து உட்கார இடம் கொடுத்தவள் அவள். இத்தனை மாதமாக அவரோடு மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள்.

பிறகு, அந்த வலிக்கு அடியிலேயே, டெஸ்டர் புத்தி மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. கூரையை மாற்றினாள். கிணற்றை, கட்டிலை, அடுப்பை மாற்றினாள். மாற்றவே மாற்றாத ஒன்று இருந்திருக்கிறது. மாற்றலாம் என்றே தோன்றாததால் அது கண்ணில் படவில்லை.

"மாமா சொல்றது சரிதான்," என்றாள்.

சிவராமன் திடுக்கிட்டார். ஜெயித்த மனிதர் போல இல்லை.

ஸ்வாதி முதல் வீட்டை எடுத்து, வாசலைத் தெற்கே திருப்பி வைத்தாள். மற்ற ஆறின் வாசலையும் தொடவில்லை. அப்போதுதான் ஒப்பிட முடியும். ஏழு வீட்டு அடுப்புகளையும் மூட்டினாள். குடும்பம் மலை ஏறி வர, அங்கே அந்தியாக வேண்டும். கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்தாள். முடிவு தெரியட்டும் என்று காத்திருக்கவில்லை. நேராகப் போய் செருப்பு அலமாரியைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன பண்ற?"

"கதவத் திறக்கறேன்."

"பிரசன்னா வரட்டும்."

"வரட்டும். முன்னால வரட்டும்."

"இன்னொரு தடவை எதாவது ஆச்சுன்னா?"

அவள் கை நின்றது. அதைத்தான் அவளும் இத்தனை நாள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறொருவர் குரலில் கேட்டபோது அது சின்னதாக இருந்தது.

"ஆனா ஆகட்டும் மாமா. கதவுமேல பழி போட மாட்டேன். உங்களையும் போட விடமாட்டேன்."

தாழ்ப்பாள் விலகியும் கதவு வரவில்லை. மழைக்காலமெல்லாம் மூடிக்கிடந்து மரம் உப்பியிருந்தது. கைப்பிடியைச் சற்று மேலே தூக்கி இழுத்தாள். அடிவிளிம்பு தரையை உரசிக்கொண்டு திறந்தது. வெளியே மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு கூட உள்ளே வரவில்லை. பூந்தமல்லியிலிருந்து வந்துவிட்ட பிரசன்னா, பழப்பையோடு பக்கத்துச் சந்துக்குத் திரும்பப் போனவன், வெளிச்சத்தைப் பார்த்து நின்றான். திறந்த வாசலில் மனைவி, அவளுக்குப் பின்னால் அப்பா. ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் வழிய, எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

ஸ்வாதி அவனைக் கூப்பிடவில்லை. கூடத்தில் திரையிலிருந்து காற்றின் இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கிழக்கிலிருந்து சாம்பல் புகையாக எழுந்து தெருவுக்குள் வந்தது. ஆறு வீடுகளின் வாசல்களுக்குள் நேராகப் புகுந்து ஆறு அடுப்புகளையும் அணைத்தது. முதல் வீட்டின் சுவரில் மோதி விலகிப் போனது. அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மலை ஏறி வந்த குடும்பம் உள்ளே நுழைந்தது; அவன் மூட்டையை இறக்கினான். அவள் பானையை அடுப்பில் ஏற்றினாள். நாய் வாசலில் படுத்தது.

ஸ்வாதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது: இந்த ஊரில் காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது. வாசலைத் தெற்கே வைத்தால் அடுப்பு அணையாது; ஆட்கள் தங்குவார்கள்.