அண்ட் சன்ஸ்

"பழைய பலகையில இருந்ததையே எழுதிடட்டுமா அக்கா, இல்ல ஏதாவது மாத்தணுமா?" என்று பெயின்டர் கேட்டபோது அவள் ஒரு அம்மாளுக்குத் திரைச்சீலைத் துணி அளந்துகொண்டிருந்தாள். அளக்கும்போது யார் என்ன கேட்டாலும் அவள் பதில் சொல்ல மாட்டாள். துணியைக் கோலோடு சேர்த்து இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு மீட்டரையும் வாய்விட்டு எண்ணி, கடைசி மீட்டர் முடியும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, அந்த விரலின் அகலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, அதற்கு அந்தப் பக்கம்தான் கத்தரியை ஓட்டுவாள். அந்தக் கட்டைவிரல் அகலத் துணிதான் கடை தரும் கொசுறு. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அவருடைய கட்டைவிரல் நல்ல அகலம் என்பதால் வாடிக்கைக்காரர்களுக்கு அப்போது லாபம் கூடுதல் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் அடித்த காற்றில் கடையின் பெயர்ப்பலகை கீழே விழுந்துவிட்டது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. தூக்கிப் பார்த்தால் மரம் முழுவதும் செல்லரித்திருந்தது. இத்தனை நாளும் அதை மேலே தாங்கிப் பிடித்தது பெயின்ட்தான் என்று பெயின்டர் சத்தியம் செய்தார். இப்போது புதுத் தகரப் பலகை, நீல வண்ணம் அடித்துக் காய்ந்து, கடை வாசலில் இரண்டு ஸ்டூல்களின் மேல் படுத்திருந்தது. பழைய பலகையில் முதல் வரியில் அப்பாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'அண்ட் சன்ஸ்', கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் 'ஜவுளி வியாபாரம்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பாவுக்கு மகன்களே கிடையாது. இருப்பது இவள் ஒருத்திதான். துணி மில்லிலிருந்து புதிதாக வருகிற ஏஜென்டுகள் கடைக்குள் நுழைந்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லீங்களா? சன்ஸ் யாராவது?" என்பார்கள். "நான்தாங்க சன்ஸ்" என்பாள் இவள். அந்தப் பதில் தெருவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், அவள் பெயரே சன்ஸ் அக்கா என்று ஆகிவிட்டது. கரண்ட் பில் கொண்டுவருபவர்கூட வாசலில் நின்று "சன்ஸ் அக்கா!" என்றுதான் கூப்பிடுவார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் எங்கேயோ ஒரு குண்டூசி குத்தும். துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குண்டூசி ஒன்றும் புதிதில்லைதான், இருந்தாலும் வலித்தது.

அவள் தனக்குள் ஒரு கதை வைத்திருந்தாள். அப்பா இந்தத் தெருவுக்கு வரும் முன்பு வேறொரு ஊரில் கடை வைத்திருந்தார். அங்கிருந்து காலி செய்து வரும்போது துணிக்கட்டுகளோடு இந்தப் பலகையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது அவளுக்கு நினைவு தெரியாத வயது. ஆக, தான் வயிற்றில் இருக்கும்போதே, பையன்கள் வரிசையாக வந்து இறங்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அப்பா பலகை எழுதிவிட்டார். தான் பெண்ணாகப் பிறந்து அதைப் பொய்யாக்கிவிட்டோம். இவளுக்குப் பிறகு ஒரு குழந்தை தங்காமல் போனதாக அம்மா எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தாள். மேலே கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "கடையை யாரு பாத்துக்கறது?" என்று தட்டிக் கழித்து, கடைசியில் கடையையே கட்டிக்கொண்டவள் என்று பெயர் வாங்கியதும், அந்தப் பொய்யை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்றுதானோ என்னவோ.

திரைச்சீலை அம்மாள் போன பிறகு அவள் வாசலுக்கு வந்தாள்.

"சன்ஸை எடுத்துடுங்க பெயின்டரே. 'மற்றும் மகள்'னு போடுங்க."

பெயின்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தெருவில் பாதிப் பலகைகள் அவர் கை எழுதியவை. "இது முன்னாடியே செஞ்சிருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு, நூல் பிடித்துக் கோடு போட்டு, சாக்பீஸால் எழுத்துகளை வரைய ஆரம்பித்தார். அப்பாவின் பெயரை முடித்து அந்த இரண்டு வார்த்தைகளுக்கு அவர் வந்தபோது அவளால் கடைக்குள் உட்கார முடியவில்லை. எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி எதிர்ச் சாரிக்குப் போய் நின்று பார்த்தாள். பலகை படுத்துக்கிடந்ததால் அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றாள். இந்த வயதில் இதற்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?" என்றார் பெயின்டர்.

"சாப்பாடு குடுக்கப் போறப்ப சொல்றேன். நீங்களும் சாப்பிட்டு வந்து பெயின்ட் எடுங்க."

வீடு கடைக்குப் பின்னால்தான். அப்பா தன் அறையில் கட்டிலோரமாக உட்கார்ந்திருந்தார். கண்பார்வை போய்ச் சில வருஷமாகிறது. ஆனால் புதுச் சரக்கு எது வந்தாலும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாக வேண்டும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுவார். சாப்பாட்டைவிட அதற்குத்தான் காத்திருப்பார். இன்றைக்கும் தட்டை வைப்பதற்கு முன்னால் கையை நீட்டினார். அவள் சட்டைத் துணி ஒன்றைக் கொடுத்தாள்.

"பருத்தின்னு சொன்னானா?"

"ஆமா."

"சொல்லுவான், சொல்லுவான். பாதிக்குப் பாதி நைலான். போட்டா மனுஷன் வெந்துடுவான்."

"பலகை ரெடியாயிட்டே இருக்குப்பா. நீலத்துல மஞ்சள் எழுத்து." அவள் தண்ணீர் டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். பேச்சைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், குரல் அவள் சொன்னபடி கேட்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு மாத்தச் சொல்லியிருக்கேன். சன்ஸ் வேண்டாம், மகள்னு போடச் சொல்லிட்டேன்."

துணியைத் தேய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"எழுதிட்டானா?"

"சாக்பீஸ்ல போட்டிருக்கார். இனிமேதான் பெயின்ட்."

"அழிக்கச் சொல்லு."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த நிதானம்தான் அவளைக் கிளப்பிவிட்டது. "ஏன்பா?" என்றாள். "அந்தக் கல்லாவுல உக்காந்து உக்காந்து என் இடுப்பு போச்சு. சரக்கெடுக்க ராத்திரி பஸ் புடிச்சுப் போறது நான். ஏஜென்டுகூட மல்லுக்கு நிக்கறது நான். ஊரே என்னை வெச்சு சிரிச்சாச்சு, நானும் கூடச் சேந்து சிரிச்சாச்சு. இல்லாத பசங்களுக்குப் பலகை வெச்சிருக்கீங்க. இருக்கறவ நான்பா. எனக்கு ஒரு எழுத்து கிடையாதா?"

அப்பா முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார். கண்கள் அவளுக்குச் சற்றுத் தள்ளி எங்கேயோ பார்த்தன.

"இருந்தான்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் அந்தச் சட்டைத் துண்டைத் தொடையின் மேல் விரித்து, சுருக்கம் நீவிவிட்டார். நீவிக்கொண்டே பேசினார்.

"உனக்கு அப்ப நடை வந்திருந்தது, பேச்சு வரல. பையன் பொறந்தான்னு ஆஸ்பத்திரியில சொன்னதும் நேரா பழைய ஊரு பெயின்டர்கிட்டதான் போனேன். பலகையில எடம் இருந்துச்சு, அண்ட் சன்ஸ்னு சேத்து எழுதச் சொன்னேன். அப்ப எனக்கு அவ்வளவு திமிரு. பேரு என்ன வெக்கறதுன்னு எனக்கும் உங்கம்மாவுக்கும் சண்டை. அவ ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன். முடிவாகவே இல்ல. அதுக்குள்ள அவனுக்கு ஜுரம் வந்துடுச்சு."

அவள் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க மாமா கடைக்கு ஓடி வந்தான். ஒண்ணும் சொல்லல, துணி வேணும்னான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. வெள்ளை மல் துணியை எடுத்தேன். எடுத்து..." அவர் கை தானாகவே தொடையின் மேல் ஒரு கோலைப் பிடித்தது. "கோலை எடுத்து அளந்தேன்மா. கைப் பழக்கம். முக்கா மீட்டர்னு வாய்விட்டுச் சொன்னேன். கட்டைவிரலை வெச்சு, வாடிக்கைக்காரனுக்கு விடற மாதிரி கொசுறு விட்டு, கத்தரியால வெட்டினேன். எம்புள்ளைக்கு நான் அளந்து குடுத்தேன். உங்க மாமா என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னான்."

கடையில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்குப் போர்த்த என்று யாராவது வெள்ளைத் துணி கேட்டு வந்தால் கோலைத் தொடக் கூடாது, கத்தரி வைக்கக் கூடாது. கையால் கிழித்துக் கொடுத்துவிட வேண்டும், விலையும் சொல்லக் கூடாது. அவள் கடைக்கு வந்த புதிதில் இது தெரியாமல் கோலை எடுத்துவிட்டாள். அப்பா பாய்ந்து வந்து, ஆட்கள் முன்னாலேயே அதைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். அவர் அவளிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டது வாழ்நாளில் அந்த ஒரே தடவைதான். ஜவுளி வியாபாரத்தில் இது ஒரு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அன்றிலிருந்து இன்றுவரை அவள் கையாலேயே கிழித்துக் கொடுத்து வந்திருக்கிறாள். மற்ற கடைகளில் எல்லாம் அளந்துதான் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்தபோதும் ஏன் என்று யோசித்ததில்லை.

"அவனுக்குப் பேரு வெக்கல" என்றார் அப்பா. "போட்டோ கிடையாது. ஒரு எடத்துலயும் எழுதல. உங்கம்மா ஊரை விட்டே போயிடலாம்னா, வந்துட்டோம். பலகையை மட்டும் என்னால விட்டுட்டு வர முடியல. அதுல மட்டும்தாம்மா அவன் இருக்கான்."

அவள் அழுதாள். சத்தம் வராமல் அழத் தெரியும் என்றாலும் கட்டில் ஆடியது அவருக்குத் தெரிந்திருக்கும். பார்த்தே இராத தம்பிக்காக அழுதாளா, அம்மாவுக்காகவா, கோலைப் பிடித்த அந்தக் கைக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு நடுவிலும், தன்னையே அசிங்கமாக உணர்ந்துகொண்டு, ஒன்றுக்காகக் காத்திருந்தாள். அவனோடு நீயும் அதில் இருக்கிறாய் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பொய்யாகச் சொன்னாலும் போதும். வாழ்நாள் முழுவதற்கும் வைத்துக்கொள்வாள்.

அப்பா சட்டைத் துண்டை மடித்தார். மடித்து அவள் இருந்த பக்கமாக நீட்டினார்.

"கடையில யாரு இருக்கா?"

"யாரும் இல்லப்பா. நான்தான் இங்க இருக்கேனே."

"அப்ப போ. கடை தெறந்து கெடக்கு பாரு."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வழியில், துணிக்கட்டுகள் அடுக்கிய இருட்டில், கொஞ்சம் நின்றாள். அப்பாவுக்குக் கண் தெரியாது. சன்ஸ் என்றே எழுதியாயிற்று என்று போய்ச் சொன்னால் நம்பிவிடுவார். யாரும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. மேலே மாட்டிய பலகையைத் தடவிப் பார்க்கவா போகிறார்? அந்த நினைப்பு வந்ததும், அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும், அவள் வேகமாக வாசலுக்கு நடந்தாள்.

பெயின்டர் திரும்பி வந்து டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"சன்ஸ்னே போட்டுடுங்க."

அவர் குலுக்குவதை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பெரியவர் வேண்டாம்னுட்டாரா? அவருக்குத்தான் கண்ணு தெரியாதேக்கா" என்றார்.

"எனக்குத் தெரியுதே."

பெயின்டர் சாக்பீஸ் கோடுகளை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார், அது இன்னும் பரவியது. "ஈரத் துணி வெச்சு எடுத்தாத்தான் சுத்தமா போகும். ஏதாவது கிழிசல் இருந்தா குடுங்க" என்றார்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் போட்டுவைக்கும் கூடை கல்லாவுக்குக் கீழேயே இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். மேல்தட்டில் தனியாக இருந்த வெள்ளை மல்லை இறக்கி மேஜை மேல் உருட்டினாள். கோல் பக்கத்தில்தான் கிடந்தது. துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். ஒரு கை அகலத்துக்குக் கிழித்திருந்தாலே போதும். அவள் நிறுத்தத் தோன்றாமல், நீளமாகக் கிழித்துவிட்டாள்.

"என்னக்கா, புதுத்துணியைப் போயி..."

"பரவால்ல. இதுலயே துடைங்க."

அவர் அதைச் சொம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கித் துடைத்துக்கொண்டே வந்தார். 'மகள்' போனது, 'மற்றும்' போனது. ஈர நீலத்தில் ஒரு சுவடும் இல்லை. துணியில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்க வேண்டும். வெள்ளையோடு வெள்ளையாகப் போனதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கையை நீட்டி அதை வாங்கி, விற்ற துணியை மடிப்பதுபோல ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்தாள். தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. பெயின்டர் மஞ்சள் டப்பாவின் மூடியை நெம்பித் திறப்பதைப் பார்த்தபடி, மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.