அறாத கம்பி

வியன்னாவில் பியானோ வித்வானின் பலத்தை அறுந்த கம்பிகளை வைத்துத்தான் எடைபோடுவார்கள். ஒன்றிரண்டு அறுந்தால் கைதட்டல். அதற்கு மேல் போனால் மேடைக்குப் பூ பறக்கும். அறுந்ததை மாட்டுவது என் வேலை. கொழுந்தன் வென்செலின் பியானோப் பட்டறையில் கம்பி கட்டுகிறவள் நான். கச்சேரி தவறாமல் கம்பிச் சுருளும் இடுக்கியுமாகத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தே இடுப்பு போயிற்று. ஊருக்குச் சங்கீதம், எனக்கு முதுகுவலி.

அதனால்தான் வென்செல் இரும்புச் சட்டம் வைத்துப் புதுப் பியானோ செய்தபோது அவனைவிட நான் சந்தோஷப்பட்டேன். மரம் தாங்காத கனத்த கம்பியை இரும்பு தாங்கியது.

"இனிமே நீங்க வீட்லயே இருக்கலாம் அண்ணி," என்றான். "இன்னிக்குக் கச்சேரி மட்டும் நல்லபடியா முடியட்டும். இரும்பு போட்டும் அறுந்துதுன்னு பேராச்சுன்னா பட்டறைய மூட வேண்டியதுதான்."

கச்சேரிக்கு முன்னால் வித்வான் காஸிமிர் என்னிடம் வந்தார். ஒத்திகை பார்த்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது, எப்படி அடிச்சாலும் அசைய மாட்டேங்குது. ஒண்ணாவது அறுந்தாத்தானே எனக்கு மரியாதை? ஒரு கம்பிய லேசா அரத்தால தேச்சு வையுங்க."

"அறுந்தா எங்க கொழுந்தன் பொழப்புல மண்ணு."

"அறுந்து போகலன்னா என் பொழப்புல."

"ஒரு தடவ மெல்லத்தான் வாசிச்சுப் பாருங்களேன். கேக்க நல்லாருக்கும்."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் அரத்தைத் தொடவில்லை. நேர்மை என்று சொல்ல மாட்டேன், அலுப்பு.

மனிதர் அடித்தார் அடித்தார், அப்படி அடித்தார். ஒரு கம்பியும் மசியவில்லை. சபையில் இருமல் கிளம்பியது. பின்வரிசையில் ஒருவன், "சாப்பிடலயா ஐயா?" என்றான். காஸிமிர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கினார். நகம் பிளந்தது. வெள்ளைக் கட்டைகளில் ரத்தத்தைப் பார்த்த முன்வரிசைச் சீமாட்டி எழுந்து நின்று கைதட்டினாள். பிறகு மண்டபமே எழுந்தது.

மறுநாள் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. எல்லாருக்கும் ரத்தம் பார்த்த பியானோதான் வேண்டுமாம். நான் அடுப்பில் சூப்பை ஏற்றிவிட்டு, அப்பாடா என்று காலை நீட்டினேன். வென்செல் வந்து நின்றான்.

"அண்ணி, சனிக்கிழமை அடுத்த கச்சேரி."

"அதான் கம்பி அறாதே. நான் எதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "காஸிமிர் கேக்குறார். விரலுக்குக் கட்டு போட ஆள் வேணுமாம்."

எனக்கு அழுகையே வந்தது. பையிலிருந்த கம்பிச் சுருளை எடுத்து மேசைமேல் போட்டேன். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்துப் பையில் அந்த இடத்தில் வைத்தேன்.