மறைப்புக்குள் இரண்டு பேர்

தொத்தோரே என்று நான் கூப்பிடும் என் முதலாளி டாக்டருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது பலெர்மோவில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒன்று அவர், மற்றது நான். காலையும் மாலையும் அவருடைய கண்ணுக்கு மருந்து விட்டவன் நான்தானே. போன வருடம் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தபோது, அவரோடு கூடப் படித்த இன்னொரு கிழட்டு டாக்டர் கண்ணைச் சோதிக்காமலே ‘பார்வை நன்று’ என்று எழுதிக் கொடுத்தார். பிறகு இருவரும் கோப்பி குடித்தார்கள். பெரிய இடத்து விஷயம், நமக்கேன் வம்பு என்று நான் வாயை மூடிக்கொண்டு காரில் இருந்தேன்.

என் பெயர் கஜானன். அந்த வீட்டில் பதினான்கு வருடமாக வேலை. சமையல், சலவை, கார் ஓட்டுவது. கடைசி நான்கு வருடமாக வேட்டையும் சேர்ந்துகொண்டது. மலைப்பக்கத்து அரசாங்கக் காட்டில், ஓடைக்கு மேலே, தரையோடு தரையாக ஒரு மறைப்புக் கூடாரம் போடுவோம். பச்சைத் துணி, நாலு தடி, முன்னால் ஒரு முழத் துவாரம், உள்ளே இரண்டு மடிப்புக் கதிரை. மேலே செடிகளை வெட்டிப் போட்டு மூடுவது என் வேலை. பத்தடி தூரத்தில் நின்றாலும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

பொதுக்காட்டில் யாரும் நடக்கலாம். அதனால் புத்தியுள்ள வேட்டைக்காரன் மறைப்பைச் சுற்றிச் செம்மஞ்சள் துணி கட்டுவான். மிருகத்தை முழுதாகப் பார்க்காமல் விசையில் விரல் வைக்கமாட்டான். தொத்தோரே துணி கட்ட விடமாட்டார். கட்டினால் மற்றவர்கள் தன்னுடைய இடத்தைக் கண்டுபிடித்து விடுவார்களாம். பார்க்கிற வேலையையும் என்னிடம் விட்டுவிட்டார். அவருக்கு நிழல் அசைவது தெரியும், என்னவென்று தெரியாது. “பன்றியா?” என்று கிசுகிசுப்பார். நான் “ஸி, தொத்தோரே”, அதாவது ஆமாம் ஐயா, என்றால் சுடுவார். அந்த வீட்டில் நான் அதிகம் பேசிய இத்தாலிய மொழி அவ்வளவுதான். சூப்புக்கு உப்புப் போதுமா என்றாலும் ஸி, தன் மகளை விடத் தான் சொல்வதுதானே சரி என்றாலும் ஸி.

விதுரன் என் சிநேகிதன். வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவன். மனைவி அபிதாவோடு பிரான்காச்சோ பகுதியில் இருந்தான். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவான். கறுப்புச் சட்டை, கறுப்புச் சால்வை, இந்தக் குளிரிலும் வெறுங்கால். அந்த வருடம் எங்கள் ஆட்கள் ஒரு ஹோமம் வைத்தார்கள். அதற்கு அத்திக் குச்சி தேவைப்பட்டது. ஓடைக்கரையில் காட்டு அத்தி நிற்கிறது என்று அவனுக்குச் சொன்னவனும் நான்தான்.

“சுடுற ஆக்கள் இருக்கமாட்டினமோ, அண்ணை?” என்று கேட்டான்.

“செவ்வாயும் வெள்ளியும் இஞ்சை ஒருத்தரும் சுடேலாது. அது சட்டம். பயப்பிடாமல் போ.”

“அப்ப இந்த நாடும் செவ்வாய் வெள்ளி விரதம் பிடிக்குது” என்று சிரித்தான். “செவ்வாய்க்கிழமை போறன்.”

செவ்வாய்க்கிழமை அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளி மத்தியானம் தொத்தோரே, “இன்றைக்குக் காட்டில் ஒருவனும் இருக்கமாட்டான், போவோம்” என்றார். சட்டம் எனக்குத் தெரியாதா? தெரிந்தும் “ஸி” என்று காரை எடுத்தேன். விதுரன் போய் வந்துவிட்டான் என்று நினைத்தேன். ஒரு போன் அடித்துக் கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? கேட்கவில்லை.

நாலரை மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்ததில் என் கால் விறைத்துப் போயிருந்தது. அப்போது ஓடைக்கரைப் பற்றைக்குள் கறுப்பாக, தாழ்வாக ஏதோ அசைந்தது. கிழவர் துவக்கைத் தூக்கினார்.

“பன்றியா?”

நான் கறுப்பைக் கண்டேன். அதற்கு மேல் பார்க்கவில்லை. ஒன்று விழுந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் மனதில் ஓடியது. “ஸி, தொத்தோரே” என்றேன்.

வெடித்தது. “அம்மா!” என்று ஒரு குரல் கேட்டது.

எந்த ஊர்ப் பன்றியும் அம்மா என்று கத்தாது. கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். விதுரன் மல்லாந்து கிடந்தான். குச்சிக்கட்டு பக்கத்தில் சிதறிக் கிடந்தது. அவன் வயிற்றை என் இரண்டு கையாலும் பொத்தினேன். இரத்தம் விரலிடையால் வந்துகொண்டே இருந்தது. என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

“கஜானண்ணை... நீங்கள் எப்பிடி இஞ்சை? நல்ல காலம் வந்தியள்” என்றான்.

அம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அவன் அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

அன்று இரவே தொத்தோரேயின் மகள் எமிலியானா வந்து என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். “அப்பா தான் தனியாக இருந்ததாகச் சொல்லிவிட்டார். நீ ரோட்டில் காரில் இருந்தாய், சத்தம் கேட்டு ஓடினாய். ஜனவரியில் நீ இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டும், வேலைக் கொன்ட்ராக்ட் எங்கள் கையெழுத்தில் இருக்கிறது. உனக்கும் இதுதான் நல்லது” என்றாள். கிழவர் என்மேல் இரக்கப்பட்டுச் செய்யவில்லை. பன்றியா மனிதனா என்று வேலைக்காரனைக் கேட்டுச் சுட்டேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். கராபினியேரி பொலிஸ் அதிகாரி, எல்லோரும் மரெஷாலோ என்று கூப்பிடுகிறவர், என்னிடம், “நீ காரில்தானே இருந்தாய்?” என்று கேட்டார். அவருக்கும் ஸி என்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து எல்லோரும் போனபின், அபிதா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

“நீங்கள் ஓடிப்போய்த் தூக்கினபடியால் அவர் தனியச் சாகேல்லை அண்ணை” என்றாள். “செத்தவீட்டுத் துடக்கோடை நான் கோயிலுக்குப் போகேலாமல் இருந்தது. அதுதான் பக்கத்து வீட்டு றோசமலரைக் கொண்டு, ஞாயிறு ஞாயிறாய் மலைமேலை சாந்தா றொசாலியா தேவாலயத்திலை உங்கடை பேரிலை மெழுகுதிரி கொளுத்துவிச்சன்.”

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“அபிதா, நான் காரிலை இருக்கேல்லை. அவரோடை உள்ளுக்கு இருந்தனான். அந்தாளுக்குக் கண் தெரியாது. பன்றியோ எண்டு என்னைத்தான் கேட்டவர். ஓமெண்டு சொன்னது நான்.”

அவள் தேத்தண்ணித் தட்டத்தை மேசையில் வைத்தாள்.

“பன்றி மாதிரியோ இருந்தவர்?”

“தெரியாது. நான் பாக்கேல்லை. கேட்டார், சொன்னன்.”

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“கராபினியேரியிட்டைச் சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“அவையளுக்குச் சொல்லேல்லை, எனக்குச் சொல்லுறியள். சொல்லிப்போட்டு நீங்கள் போய் நித்திரை கொள்ளுவியள். நான் இதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. “நாளைக்குக் காலமை அங்கை போய்ச் சொல்லுங்கோ. நானும் வாறன். நீங்கள் சொல்லுறதை என்ரை காதாலை கேக்கவேணும்.”

காலையில் கராபினியேரி நிலையத்தில் அவள் எனக்கு முதலே வந்து வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அதே அதிகாரிதான். வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது, பிறகென்ன என்பதுபோலப் பார்த்தார். உள்ளே இருந்தது நானும்தான் என்றதும் பேனையை எடுத்தார். இதனால் நீயும் குற்றவாளி ஆகலாம், விளங்குகிறதா என்று கேட்டார். விளங்குகிறது என்றேன்.

“சரி. துவாரத்தால் என்ன பார்த்தாய்?”

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே அபிதாவுக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரத்தே சொன்னேன்.

“ஒன்றும் பார்க்கவில்லை, மரெஷாலோ. பார்க்காமலே பன்றி என்று சொன்னேன். அப்படியே எழுதுங்கள்.”