ஒரே மிதி

காலை ஐந்து மணிக்கே வெள்ளைக்கல் குவாரியில் சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிட்டது. சேலத்திலிருந்து பத்து மைல் தள்ளியிருந்த அந்தக் கரட்டுக் குன்றில் ஆண்கள் வெடி வைக்கப் பாறையில் வேட்டுக்குழி இறக்க, பெண்கள் உடைந்த கல்லைக் கூடையில் சுமந்து மேலே ஏறினார்கள். தலை, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் வெள்ளைத் தூள். மேட்டுக் கொட்டகையில் டிரைவர் யாகப்பன் ஆம்புலன்ஸ் வண்டியின் முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தான். பத்தாவது சுற்றில் இஞ்சின் இருமியது, பதினைந்தாவதில் பிடித்துக்கொண்டது. அதற்குள் அவன் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆயிற்று.

சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்கு ஓடிய வண்டி அது. ஏலத்தில் எடுத்து, பச்சையை மறைத்து வெள்ளையடித்து, சிவப்பில் ஒரு சிலுவையும் போட்டுவிட்டால் தொழிலாளர் நலன் அத்தோடு முடிந்தது என்பது முதலாளி அப்புசாமியின் எண்ணம். பிரேக் ஒரு மிதிக்குப் பிடிக்காது. விட்டு விட்டு மிதித்தால் நாலாவது மிதியில் பிடிக்கும். யாகப்பனும் இன்னொரு டிரைவர் செபஸ்தியானும் மூன்று முறை சொல்லிப் பார்த்தார்கள். "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஓடற வண்டிதானப்பா அது" என்று முதலாளி முதுகில் தட்டி அனுப்பினார்.

அந்தத் தட்டில் இருவருக்கும் கொஞ்சம் பெருமைதான். நம்மைத் தவிர வேறெவனால் இந்த வண்டியைக் கட்டி மேய்க்க முடியும் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார்கள். உழைப்பவனுக்கு இப்படிப்பட்ட பெருமை சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

போன புதன்கிழமை வேட்டில் தெறித்த கல் சின்னண்ணனின் தொடையை நசுக்கியது. அவனை ஏற்றிக்கொண்டு யாகப்பன் சேலத்துக்குப் பறந்தான். இறக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நாலு முறை மிதித்தான், ஆறு முறை மிதித்தான், பிடிக்கவில்லை. கேட்டில் மோதாமலிருக்க வயலில் இறக்கினான். வண்டி சேற்றில் புதைந்தது. மாட்டுவண்டி பிடித்து வருவதற்குள் சின்னண்ணன் ரத்தமெல்லாம் வடிந்து செத்துப்போனான்.

மறுநாளே கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. டிரைவரின் கவனக்குறைவால் ஓர் உயிர் போய்விட்டதாம். ஆகவே டிரைவர்களின் திறமை சோதிக்கப்படுமாம். தேறாதவனுக்கு வேலையில்லை, லைசென்சை ரத்து செய்யவும் கம்பெனி எழுதுமாம். கல் சுமக்கும் சாலம்மாள், சின்னண்ணனின் மனைவி, யாரோ படித்துச் சொன்னதைக் கேட்டாள். அன்றிலிருந்து யாகப்பனைக் கண்ட இடத்திலெல்லாம் காறித் துப்பினாள்.

சோதனை இன்று ஏழரை மணிக்கு. சேலத்து லாரிக் கம்பெனிகளுக்கு டிரைவர்களைச் சோதித்துக் கொடுக்கும் வீரபாகுவை முதலாளி காரில் அழைத்து வந்திருந்தார். கொட்டகை எதிரே சமதரையில், வெள்ளைக்கல் குவியலுக்குச் சற்று இப்பால், சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. பதினைந்து மைல் வேகத்தில் வந்து கோட்டில் நிறுத்தவேண்டும். கஞ்சி குடிக்க மேலே வந்த பெண்கள் கூடையும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் செபஸ்தியான். கோட்டுக்கு வெகுமுன்பே மிதிக்கத் தொடங்கி, நாலாவது மிதியில் முன்சக்கரத்தைக் கோட்டின்மேல் நிறுத்தினான். அப்புசாமி கைதட்டினார்.

"பாத்தீங்களா? பிரேக் எத்தனை சுத்தமாப் பிடிக்குது! அன்னிக்கி அவன் ஓட்டுன லட்சணந்தான் ஆளைக் கொன்னுருக்குது. எழுதிக்குங்க."

செபஸ்தியானின் முகம் செத்துப்போயிற்று. யாகப்பனுக்கும் அப்போதுதான் விளங்கியது. நன்றாக ஓட்டினால் வண்டி நல்ல வண்டி, அவன் கொலைகாரன். மோசமாக ஓட்டினால் கேட்கவே வேண்டாம். எந்தக் கைத்திறமையை மெச்சிக்கொண்டார்களோ அதுவே இத்தனை நாளும் கோளாறை மூடி வைத்திருக்கிறது.

வண்டியில் ஏறி உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினான்.

"அந்தக் கல்லுக் குவியலுக்கிட்ட ஆரும் நிக்காதீங்க! நான் பிரேக்கை ஒரே மிதிதான் மிதிப்பேன்."

"அதென்றா ஒரே மிதி? ஓட்டற மாதிரி ஓட்டுடா!" என்று அப்புசாமி அதட்டினார்.

"நல்ல வண்டிக்கு எத்தனை மிதிங்க வேணும்? நீங்களே சொல்லுங்க" என்று யாகப்பன் வீரபாகுவைக் கேட்டான்.

"ஒண்ணு போதும்" என்றார் வீரபாகு.

வண்டி வந்தது. கோட்டுக்கு முன்னால் காலைத் தரைவரை அழுத்தி அப்படியே வைத்துக்கொண்டான். வண்டி கோட்டைத் தாண்டி ஓடியது, நேரே போய் வெள்ளைக்கல் குவியலில் முட்டி நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறியது.

"வேணும்னே இடிச்சுப்போட்டான்! பெயில்னு எழுதுங்க. சாவியைக் குடுத்துட்டு வெளிய போடா!" என்று அப்புசாமி பாய்ந்தார்.

யாகப்பன் கீழே இறங்கினான். நெற்றியில் ரத்தம். "பெடலை நீங்களே கையில அமுக்கிப் பாருங்க சார்."

வீரபாகு குனிந்து அமுக்கினார். பெடல் ஒரு தடையுமின்றித் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் நிமிர்வதற்குள் அப்புசாமி குறுக்கே வந்து நின்றார்.

"உங்களை டிரைவரைச் சோதிக்கத்தான் கூப்பிட்டேன். வண்டியைச் சோதிக்க இல்லை."

வீரபாகு பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"செபஸ்தியான், இனி நீதான் ஓட்டோணும்" என்றார் முதலாளி.

"ஓட்டமாட்டனுங்க" என்றான் செபஸ்தியான். "நானும் நாலு மிதி மிதிச்சுத்தான் நிறுத்துனேன். அதையும் எழுதச் சொல்லுங்க."

சாலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாகப்பன் முன்னால் வந்தாள்.

"பிரேக்கு இப்படின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு வருசமாத் தெரியுமுங்கக்கா."

"தெரிஞ்சுமா என்ற ஊட்டுக்காரரை அதுல ஏத்துன? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லலீங்க. சமாளிச்சுருவோம்னு இருந்துட்டோம். தப்புத்தானுங்க."

அவள் அவனை முறைத்தாள். மன்னிக்கும் முறைப்பு அல்ல அது. பிறகு முதலாளியிடம் திரும்பினாள்.

"அடுத்தது இதுல ஆரைங்க ஏத்தப் போறீங்க? குப்பாயியவா? என்னையவா?"

பதிலுக்கு நிற்காமல், குழிக்குள் இறங்கும் பாதையின் தலைப்பில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "நல்ல பிரேக்கு போட்ட வண்டி வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் எறங்கமாட்டோம்." கூட்டத்தில் நின்ற குப்பாயி தன் கூடையைப் பக்கத்தில் கவிழ்த்தாள். அடுத்து இன்னொருத்தி. கீழே சம்மட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆண்கள் கடப்பாரையோடு மேலே ஏறி வந்தார்கள்.

"எட்டு மணிச் சங்குக்குக் குழியில இல்லாதவன் நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்!" அப்புசாமி கத்தினார். "ஆத்தூர்ப் பக்கம் லாரி அனுப்புனா நூறு பேர் வருவான்!"

"வரட்டுமுங்க" என்றாள் குப்பாயி. "வண்டியை அவங்களுக்கும் காட்டறோம்."

சங்கு ஊதியது. பெண்கள் சிலர் பழக்கத்தில் எழப்போனார்கள். பக்கத்திலிருந்தவர்கள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

யாகப்பன் எங்கே போவதென்று தெரியாமல் நின்றான். அந்தக் கூட்டத்தில் தனக்கு இடமுண்டு என்று அவனால் நினைக்க முடியவில்லை. சாலம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் சற்று நகர்ந்தாள்.

"உக்காரு. உன்னோட சண்டையை நான் அப்புறம் வெச்சுக்கறேன்."

அவன் மண்ணில் உட்கார்ந்தான். சங்கு மறுபடியும் ஊதியது.