பூட்டிய வீடுகள்

“பூட்டியிருந்த வீடுகளோட பட்டியல் எனக்கு வேணும் சார்.”

களப் படிவங்களைக் கேட்கவே கூடாது, கணக்கோடு நிறுத்திக்கொள் என்று இயக்குநர் என்னிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எதுக்கும்மா? வாய்க்கால் ஓரத் தெருவுல இருபது வீட்டுல ஒரு வீட்டுக்குத்தான் மஞ்சள் காமாலை. அறிக்கையில கையெழுத்தைப் போடு. நாளைக்குக் காலையில குழாயைத் திறந்துடுவாங்க.”

நோய் வந்ததால் மூன்று வாரமாக மூடிக்கிடக்கும் குழாய். அந்தத் தெருவில்தான் என் அக்கா இருக்கிறாள், ஏழு மாத வயிற்றோடு. கர்ப்பிணிக்கு இந்தக் காமாலை வந்தால் இரண்டு உயிரும் போகலாம்.

ஆய்வுத் திட்டத்தை எழுதியவள் நான். ஊர் முழுக்க ரத்தம் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் தெருவுக்கு இருபது வீடு, குலுக்கலில். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீடு. அந்த ஒரு வரியால் இரண்டாவது நடை மிச்சம், வண்டி மிச்சம். கூட்டத்தில் கைதட்டினார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், தலைகால் புரியவில்லை. பூட்டு ஏன் தொங்குகிறது என்று கேட்கத் தோன்றவேயில்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். வரிசையாகப் பூட்டு.

“எல்லாரும் வேலைக்கா போயிருக்காங்க?”

“வேலைக்கா? நீ வேற! ஆஸ்பத்திரிக்குடி. எதிர்வீட்டு அண்ணி போனவங்க திரும்பவே இல்ல. உங்க ஆளுங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கிற எங்களைத் தேடிவந்து ஊசி குத்திட்டுப் போறாங்க.”

இயக்குநர் இழுப்பறையைத் திறந்து படிவக் கட்டைப் போட்டார். புரட்டினேன்.

“இருபதுல ஒன்பது மாத்து வீடு சார். நோயாளி வீட்டை விட்டுட்டு நல்லா இருக்கிறவங்களை எண்ணியிருக்கோம்.”

“விதி நீ எழுதினதுதானே? தப்புன்னு சொன்னா முதல்ல போறது உன் வேலை.” அவர் குரல் உயரவேயில்லை. “நேத்து லீவு போட்டு அக்காவைப் பார்க்கத்தானே போனே? அவங்களை மட்டும் கொஞ்ச நாள் உன்கூட வச்சுக்கோ.”

குழாய்த் தண்ணீர் இன்னும் ஆபத்து என்று இவருக்குத் தெரிந்தேயிருக்கிறது.

“மிச்சப் பேரை எங்க சார் வச்சுக்கிறது?”

பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் படிவக் கட்டை எடுத்துப் பைக்குள் திணித்தேன்.

“ஏய், அதை வச்சுட்டுப் போ!”

படியிறங்கினேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. இப்போதே தொடங்கினால் இருட்டுவதற்குள் அந்தத் தெருவில் எல்லாக் கதவையும் தட்டி, குழாய்த் தண்ணீர் வேண்டாமென்று சொல்லிவிடலாம்.