கீழ் வலது மூலை

அதிபர் மகேஸ்வரன் சேர் அந்தத் தாளை அறிவித்தல் பலகையில் ஒட்டி, நான்கு மூலையிலும் குண்டூசி குத்திவிட்டு, பின்னால் தள்ளிப் போய் நின்று அழகு பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் ‘வலைப்பந்தும் கணிதமும்: ஓர் ஆய்வு’ என்று இருந்தது. கிடையாக ஒரு கோடு, நிலைக்குத்தாக ஒரு கோடு. கிடைக்கோட்டில், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் மைதானத்தில் நிற்கிறோம் என்பது. நிலைக்குத்தில், போன தவணையில் கணிதத்துக்கு எடுத்த புள்ளி. பத்தாம், பதினோராம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்புப் பொட்டு. பெயர் போடவில்லை என்பதில் சேருக்கு ஒரு நிம்மதி. அவரவர் எடுத்த புள்ளி அவரவருக்குத் தெரியாதா? இடைவேளை முடிவதற்குள் எல்லோரும் எல்லோருடைய பொட்டையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கீழே, வலது மூலையில், தாளை விட்டே விழப்போவது போல ஒட்டிக்கொண்டிருந்த பொட்டு நான். அனுஷியா, பதினோராம் வகுப்பு, அணியில் சென்டர். கணிதத்தில் இருபத்திரண்டு.

பொட்டுகளுக்கு நடுவால் ஒரு நீலக்கோடு, இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் என்னை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தது. அடியில் கணக்கு. விளையாடுகிற பிள்ளைகளின் இடை, அதாவது சராசரி, முப்பத்தொன்பது, விளையாடாதவர்களின் இடை ஐம்பத்தெட்டு, இணைபுக் குணகம் சய, அதாவது மைனஸ், 0.7. அந்தச் சயதான் விஷயம் என்று எங்கள் வகுப்புக்கே வந்து சேர் விளக்கினார். ஒன்று கூடக்கூட மற்றது குறைகிறதாம். சய ஒன்றுக்குக் கிட்டப் போகப் போக அந்த உறவு இறுக்கமாம். கல்வி வலயத்தில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவர் இப்படித்தான் பேசுகிறார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் ஒருவர் மேலும் அவர் கைவைத்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. திட்டினால் திருப்பி மனசுக்குள்ளாவது திட்டலாம், 0.7ஐ என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்கள் இனி அணியில் இல்லை என்று அதில் முடிவாகும். அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை வலயப் போட்டி. எங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிஹ்லாவும் இன்னும் ஒருத்தியும்தான். இரண்டு பேரை வைத்து வலைப்பந்து ஆட முடியாது, கிளித்தட்டுக்கூட ஆட முடியாது. நிஹ்லாவின் வீடு பாடசாலைக்குப் பின்னால் இருக்கிறது. எங்களோடு சரிக்குச் சரியாக விளையாடுவாள், கணிதத்தில் எழுபத்தெட்டு எடுப்பாள். அவளுடைய பொட்டு வலப்பக்கம் உயரத்தில் தனியாக நின்றது. சேர் அவளை விதிவிலக்கு என்று சொல்லிவிட்டார். “நான் விதிவிலக்காம்டி, பாத்து மரியாதயாப் பேசு” என்று என் தோளில் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராததைக் கண்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

பாடசாலை ஒன்றரைக்கு விட்டுவிடும். எங்கள் பஸ் மூன்றே முக்காலுக்கு. நாவுலப் பக்கம் போகும் தனியார் பஸ்கள் எத்தனையோ ஓடுகின்றன, ஆனால் அவற்றில் எங்கள் சீசன், பாடசாலைப் பிள்ளைகளுக்கான மாதச் சீட்டு, செல்லாது. சீசன் டிக்கட் காட்டிப் போகக்கூடியது அரசாங்க பஸ் ஒன்றுதான். ஆகவே நாலந்தா ஊருக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் அதுவரை மைதானத்தில்தான். பந்து இருந்தால் விளையாடுவோம், அலுத்தால் மாமரத்தடியில் இருந்து ஊர்வம்பு பேசுவோம். ‘மைதானத்தில் செலவிடும் நேரம்’ என்று சேர் ஒரு துண்டுக் கடுதாசியில் கேட்டபோது, பொய் சொல்லக்கூடாதென்று வம்பு பேசிய நேரத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தோம். டவுன் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு டியூஷனுக்குப் போகிறவர்கள், அவர்கள் பூச்சியம், மிஞ்சினால் இரண்டு மூன்று என்று எழுதினார்கள்.

அன்றைக்கும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. எல்லோரும் போன பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்று என் பொட்டை முறைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பொட்டு நிஷாந்தி. அதற்கு மேலே இலட்சுமி. அந்த மூலையில் இருந்த பொட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். அத்தனையும் எங்கள் பஸ். ஒரு பொட்டுக்கூட டவுன் இல்லை. காலையில் அதே பஸ் எங்களைக் கொண்டுவந்து இறக்கும்போது எட்டு மணி தாண்டிவிடும். பாடசாலை தொடங்குவது ஏழரைக்கு. முதல் பாடம் கணிதம், ஐந்து நாளும். நாங்கள் வகுப்புக்குள் நுழையும்போது ஸுலைஹா டீச்சர் பலகையை அழித்துக்கொண்டிருப்பார்.

உள்ளங்கையை விரித்து மேலே இருந்த குவியலை மறைத்தேன். கீழே எங்கள் பொட்டுகள் மட்டும் மிஞ்சின, சிந்திய மிளகு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக. நீலக்கோடு எங்கே சறுக்குகிறது என்று பார்த்தேன், எங்கேயும் சறுக்கவில்லை. கையை இறக்கி எங்களை மறைத்தேன். டவுன் குவியலிலும் சறுக்கல் இல்லை. உயரத்தைப் பார்த்தால் நிஹ்லாவும் அங்கே விதிவிலக்காகத் தெரியவில்லை, கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தாள். கையை எடுத்தால் மட்டும் கோடு வந்துவிடுகிறது. இரண்டு குவியலை ஒரே தாளில் போட்டு நடுவால் கோடு இழுத்திருக்கிறார். சேர் அளந்தது எங்கள் விளையாட்டை இல்லை, பஸ்ஸை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பையைத் திறந்து சிவப்புப் பேனையை எடுத்து, எங்கள் பஸ் பொட்டுகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் ‘சீசன்’ என்று எழுதினேன். கையெழுத்தை மாற்றி எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அம்மா வந்தது. என் அம்மா சுந்தரம்மா தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவள். அன்றைக்கு அரைப் பேர்தான், அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும் என்று தெரிந்தும், மரத்தை அரைகுறையாக விட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தது. சேர் ஆய்வை விளக்கினார். பிறகு என் சிவப்பு வட்டங்களோடு அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, படிப்பு போனால் ஒழுக்கமும் கூடவே போகும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை என்றார். யார் செய்தது என்று சொல்லவில்லை. சொல்லாமலே பாதிப்பேர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். நாற்பதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விளையாட்டிலிருந்து நிறுத்தச் சம்மதமானவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது மண்டபம் முழுக்கக் கை எழும்பியது. அம்மாவுடைய கையும். ரப்பர் பால் காய்ந்த அந்தக் கையை அத்தனை கைக்குள்ளும் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த நான் உள்ளே போனேன். எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தாளில் கிறுக்கியது நான்தான், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். சேர் தலையாட்டி, போய் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவர் கையிலிருந்த தாளில் என் கையை வைத்து மேல் குவியலை மறைத்தேன், பிறகு கீழ்க் குவியலை மறைத்தேன். முன்வாங்கில் இருந்த அப்பாமார் எட்டிப் பார்த்தார்கள்.

“கோடு எங்க சேர்?” என்று கேட்டேன்.

சேர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். அவரும் ஒருதரம் தன் கையை வைத்துப் பார்த்தார், அதை நான் கண்டேன். பிறகு இந்த வட்டம் போட்ட பிள்ளைகள் மட்டும் ஏன் இவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள் என்று கேட்டார். மூன்றே முக்கால் வரைக்கும் வேறு எங்கே போவது என்று நான் திருப்பிக் கேட்டேன். முதல் பாடம் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை என்றும், கணிதத்தை மூன்றாவது பாடத்துக்குத் தள்ளினால் என்ன என்றும் கேட்டேன். சேர் வருகை பதியும் இடாப்பை எடுத்துவரச் சொன்னார். விரித்துப் பார்த்துவிட்டு, ஆறுதலான குரலில், இந்தப் பிள்ளைகள் ஒருநாள்கூடப் பிந்தி வந்ததாக இதில் இல்லையே அனுஷியா என்றார். அந்த ஆறுதல் என்னைக் கொன்றது. பொய்க்காரியாக நின்றேன்.

அப்போதுதான் ஸுலைஹா டீச்சர் கதிரையை விட்டு எழும்பினார். கணிதமும் அவர்தான், எங்கள் வகுப்புக்குப் பொறுப்பும் அவர்தான்.

“நேரத்துக்கு வந்ததெண்டு அது நான் போட்டது சேர். பாவமெண்டு போட்டது. மொத பாடத்துக்கு அதுகள் ஒரு நாளும் இருந்ததில்ல.”

டீச்சர் தன் வேலையையே அந்த மேசையில் வைத்துவிட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் மேல் வைத்த இரக்கம்தான் எங்களைக் கணக்கில் மறைத்தது, அதுவும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். கை எப்போது இறங்கியதென்று தெரியவில்லை, மடியில் இருந்தது. சேர் இடாப்பை மூடினார். நேரசூசியை மாற்றுவது லேசான காரியமில்லை, ஒரு பாடத்தை அசைத்தால் எல்லா வகுப்பும் அசையும், காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது என்றார். முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

அம்மாவும் நானும் அதே பஸ்ஸில்தான் திரும்பினோம். டவுனை விட்டுப் பலாபத்வெல தரிப்பு வரைக்கும் அம்மா வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறந்தது, மூடவில்லை. பெரியவர்கள் இருக்கிற சபையில் வாய் காட்டுகிறாயே, உன்னை யார் கேட்டது, அந்த டீச்சருக்கு ஏதாவது ஆனால் பாவம் யார் தலையில். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மா களைத்துப்போய் மெதுவாகக் கேட்டது.

“மூணாவது பாடத்துக்குக் கணக்க வச்சா பாஸ் பண்ணிருவியாடி?”

“தெரியலம்மா.”

“பின்ன எதுக்கு அந்தப் பேச்சுப் பேசின?”

“நான் வகுப்புல இருந்து பெயிலாகணும்மா. பஸ்ஸுல இருந்து இல்ல.”

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. அடிக்கப்போகிறது என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பஸ்ஸில் என்னவோ எங்களுக்கு இருக்க இடம் கிடைத்திருந்தது. நாலந்தாத் தரிப்பில் நின்ற கூட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சட்டையைக் கண்டு நிஷாந்தி என் விலாவில் இடித்தாள். மகேஸ்வரன் சேர். டவுனில் வீடு இருக்கிற மனிதர், விடியுமுன் பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்து, திரும்பிப் போக எங்கள் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார். சனங்களோடு சனங்களாக நெருக்குப்பட்டு ஏறினார். கொண்டக்டர், அவர் அதிபர் என்று அறியாமல், “இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன” என்று சிங்களத்தில் கத்தி, முதுகில் தட்டி முன்னுக்குத் தள்ளினான். தள்ளித் தள்ளி எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். சேர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறுகையில் ஒரு பை, சாப்பாட்டுப் பாசல் போலிருந்தது. போட்டியைப் பற்றியோ டீச்சரைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு லொறிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து, தரிப்புக்குத் தரிப்பு நின்று, ஓர் ஆச்சி மரக்கறி மூட்டையை ஏற்றும் வரை காத்து, மறுபடி ஊர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து கேட்டார்.

“ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானா?”

“இன்னைக்கு நல்ல நாள் சேர்” என்றேன்.

நிஷாந்தி பழக்கத்தில் எழும்பப் பார்த்தாள். சேர்மாருக்கு இடம் கொடுக்காமல் இருந்த பிள்ளை எங்கள் தோட்டத்தில் இல்லை, நானும் அதுவரை இருந்ததில்லை. அவளுடைய முழங்காலில் கையை வைத்து அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. சேர் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். சட்டைக்கை மேலே இழுபட்டு, அவருடைய மணிக்கூடு சரியாக என் முகத்துக்கு நேரே தொங்கியது. முள் ஏழரையைத் தாண்டிக்கொண்டிருந்தது, பாடசாலையில் முதல் பாடத்துக்கு மணி அடித்திருக்கும். பலாபத்வெல இன்னும் வரவில்லை. நான் எழும்பவில்லை.