ஐந்தாவது முறை ஏறியபோது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நான்கு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. படுத்தால் கண் மூடும், மூளை மூடாது. தங்கை புருஷன் காலையில் விசாரித்தபோது, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன் மாப்ள" என்று வாய் கூசாமல் புளுகினான். அந்த மாப்பிள்ளைதான் இப்போது லிஃப்டின் அடிக்குழியில், தலைக்கு நேர் மேலே பெட்டி தொங்க, துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மொட்டைமாடி அறையில் மெயின் சுவிட்ச் இறங்கியிருக்கும்வரை பெட்டி அசையாது. சுவிட்ச் ஏறியிருந்தால், எந்த மாடியில் யார் பட்டனை அமுக்கினாலும் போச்சு. இறக்க வேண்டியது மெக்கானிக்கின் பொறுப்பு.

இறக்கினேனா?

இறக்கிய ஞாபகம் இருந்தது. ஆனால் அது நேற்று வேலை செய்த கட்டடமாகவும் இருக்கலாம். ஆறு மாடி ஏறிப் பார்த்தான், இறங்கித்தான் இருந்தது. கீழே வந்ததும் பார்த்தோமா என்று சந்தேகம். மறுபடி ஏறினான். இப்படியே நான்கு முறை.

"மேல என்ன மச்சான், புதையலா இருக்கு?" என்று குழிக்குள்ளிருந்து சிரித்தான் மாப்பிள்ளை.

"உன் வேலையப் பாரு மாப்ள."

ஐந்தாவது முறை, எதற்கு ஏறுகிறோம் என்பதே பாதிப் படியில் நழுவிவிட்டது. சுவிட்சில் ஏதோ வேலை, அவ்வளவுதான் மிச்சம். கைப்பிடியைப் பிடித்தான். நகர மாட்டேன் என்றது. சனியனே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, இரு கையாலும் பலம்கொண்ட மட்டும் இழுத்தான். ஏதோ பட்டென்று அறுந்தது.

அப்போதுதான் புத்தி வந்தது. அவன் மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தான். இறங்கிய கைப்பிடி ஏறாதபடி யாரோ அதை இரண்டு சுற்றுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். நான்கு முறை பார்த்த கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஒரு சுற்று அறுந்துவிட்டது. இன்னொன்று விறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். போன் போட்டான்.

"மாப்ள, குழிய விட்டு வெளிய வா. உடனே!"

"வந்துட்டேன், வந்துட்டேன். என்ன ஆச்சு?"

"கம்பி கட்டினது நீயா?"

"ஆமா, குழியில இறங்குறதுக்கு முன்னாடி மேல வந்து நான்தான் கட்டினேன். காலைல ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டே ஸ்பேனரைத் தேடினே. கேட்டா தூங்கினேன்னே. மச்சானாச்சே, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

மெக்கானிக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுவிட்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"நான் தூங்கல மாப்ள. நாலு நாளாச்சு. மேல வா. என்னை இது பக்கத்துல தனியா விடாதே."